கறுப்பு ஒயர் நியூட்ரல்தானா?

களியக்காவிளையில் ஏதாவதொரு எலெக்ட்ரிக்கல் கடை முன்னால் காலை எட்டரை மணிக்குப் போய் நின்றால் இரண்டு மொழி காதில் விழும். "சேட்டா, ஒண்ணரையில சுவப்பு ரெண்டு காயில், கறுப்பு ரெண்டு, பச்ச ஒண்ணு" என்று பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த ஒயர்மேன் கேட்பார். "சிவப்பு ஒண்ணுதான் கெடக்கு அண்ணே. மஞ்சள் தரட்டா?" என்பார் கடைக்காரர். ஒருவர் பேசுவது மலையாளம், மற்றவர் பேசுவது தமிழ். ஆனால் நிறத்தின் பெயர் வரும்போது மொழி குறுக்கே நிற்பதில்லை. சுவப்பு சிவப்பாகும், மஞ்ஞ மஞ்சளாகும், பச்ச பச்சையாகும். கறுப்பு இரண்டு பக்கமும் கறுப்புதான்.

அந்த ஒயர்மேன் மஞ்சளை வாங்கலாமா? வாங்கலாம். அதே கடைக்காரர், "கறுப்பு தீந்துபோச்சு, பச்சை தரட்டா?" என்று கேட்டிருந்தால்? வாங்கவே கூடாது. இரண்டும் ஒரே செம்பு, ஒரே கனம், ஒரே பிவிசி உறை. விலையிலும் பெரிய வேறுபாடு கிடையாது. பிறகு ஏன் ஒன்று ஆகும், மற்றது ஆகாது?

விடையைச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். களியக்காவிளையில் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கும் எல்லை பிறந்த ஆண்டிலேயே ஒயரின் அடையாளத்துக்கான சட்டமும் பிறந்தது. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தென்கோடியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அடுத்த ஆண்டே, 1957இல், இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனி மின்வாரியங்கள் வந்தன. இன்று பொழியூரில் எரியும் விளக்குக்குக் கேரள வாரியம் பில் போடுகிறது. கூப்பிடு தூரத்தில் நீரோடியில் எரியும் விளக்குக்குத் தமிழ்நாட்டு வாரியம் போடுகிறது. கம்பம் வேறு, மீட்டர் வேறு, கட்டணம் வேறு.

சுவருக்குள் ஓடும் ஒயருக்கு மட்டும் எல்லை கிடையாது. அதே 1956இல் மத்திய அரசு கொண்டுவந்த இந்திய மின்சார விதிகள் இரண்டு பக்கமும் ஒன்றாகவே செல்லுபடியாயின. அவற்றின் 32ஆம் விதி சொன்னது இதுதான்: நியூட்ரல் ஒயரை, கரண்ட் உள்ள ஒயரிலிருந்து பிரித்தறிய அழியாத ஓர் அடையாளம் இருக்க வேண்டும்; நியூட்ரலில் மட்டும் தனியாக ஃப்யூஸோ சுவிட்சோ போடக் கூடாது. அந்த விதிகளின் இடத்தில் 2010இலும் பிறகு 2023இலும் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. நியூட்ரல் பற்றிய கட்டளை அவற்றிலும் தொடர்கிறது.

'அடையாளம் வேண்டும்' என்று சட்டம் சொல்கிறது. என்ன அடையாளம் என்பதை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஆவணங்கள் விரித்துச் சொல்கின்றன. 1985இல் முதலில் வெளியாகி, 2011இலும் 2023இலும் திருத்தப்பட்ட தேசிய மின் நெறிமுறை அவற்றில் பெரியது. நம் ஊர் ஒயர்மேன்களின் கையில் பழகிப்போன பட்டியல் இது: கரண்ட் வரும் மூன்று ஃபேஸ்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம். அது திரும்பிப்போகும் நியூட்ரலுக்குக் கறுப்பு. எர்த்துக்குப் பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் வரி.

கடைக்காரர் நீட்டிய மஞ்சள் ஏன் ஆகும் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. ஒற்றை ஃபேஸ் வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றில் எதுவும் ஃபேஸ் ஒயராக ஓடலாம். 'தொட்டால் அடிக்கும்' என்றுதான் மூன்றும் சொல்கின்றன. பச்சை சொல்வது அதற்கு நேர் எதிரான செய்தி. கிரைண்டரின் உடலையும் ஃபிரிட்ஜின் தகரத்தையும் மண்ணோடு கட்டிவைக்கும் ஒயர் அது. பச்சையைப் பார்க்கும் கை பயமில்லாமல் தொடும். அதனால்தான் பச்சையில் வேறெதையும் ஓட்டக் கூடாது.

பெரிய வீடுகளில் கதை இன்னும் கொஞ்சம் நீளும். கேரளத்தில் வீட்டின் மொத்த லோடு 5 கிலோவாட்டைத் தாண்டினால் மூன்று ஃபேஸ் இணைப்புக்குப் போக வேண்டும். வளைகுடாப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகளில் இரண்டு ஏசி, ஒரு வாட்டர் ஹீட்டர், ஒரு மோட்டார் என்று சேரும்போதே அந்த அளவு வந்துவிடும். மூன்று ஃபேஸில் ஏதாவது ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் இடையே 400 வோல்ட். நியூட்ரல் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ நிறம் பார்க்காமல் இன்னொரு ஃபேஸைச் செருகிவிட்டால், 230க்குச் செய்த டிவியும் ஃபிரிட்ஜும் 400ஐ வாங்கும். புகை வர அதிக நேரம் ஆகாது.

மரமில்லிலோ மாவுமில்லிலோ தவறு வேறு விதமாகக் காட்டும். மூன்று ஃபேஸ் மோட்டாரில் சிவப்பும் மஞ்சளும் இடம் மாறினால் எதுவும் எரியாது, ஆனால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். தண்ணீர் பம்ப் என்றால் சத்தம் வரும், தண்ணீர் சரியாக ஏறாது. மெக்கானிக் வந்து பம்பைப் பிரித்துப் பார்த்து, கடைசியில் இரண்டு ஒயரை மாற்றி முடுக்கிவிட்டுப் போவார். அப்படி மாற்றிய இடத்தில் அடையாளம் வைக்காமல் போனால், அடுத்த முறை மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது அதே கூத்து மறுபடியும் நடக்கும்.

வீட்டுக்காரர்கள் தாங்களே பார்த்திருக்கக்கூடிய அறிகுறி ஒன்று உண்டு. இரவில் சுவிட்சை அணைத்த பிறகும் சில எல்இடி பல்புகள் மின்மினி போல மங்கலாக மினுங்கும். எல்லா நேரமும் அது தவறான ஒயரிங் என்று சொல்லிவிட முடியாது. சுவிட்சிலேயே சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும், ஒயர்கள் நெடுந்தூரம் ஒட்டி ஓடினாலும் அப்படி ஆகலாம். ஆனால் பார்க்க வேண்டிய முதல் சந்தேகம், சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்பதுதான். நிறம் மாறிப்போன வீட்டில் சுவிட்ச் நியூட்ரலை வெட்டும். பல்பு அணையும், ஹோல்டரில் மட்டும் கரண்ட் நிற்கும். குண்டு பல்புக் காலத்தில் இது வெளியே தெரியவே தெரியாது. ஸ்டூலில் ஏறி, 'சுவிட்சை அணைச்சாச்சு' என்ற தைரியத்தில் ஹோல்டருக்குள் விரல் பட்டவருக்குத்தான் தெரியும்.

இத்தனைக்கும் செம்புக்குத் தன் நிறம் தெரியாது. சிவப்பு உறைக்குள் ஓடினாலும் கறுப்பு உறைக்குள் ஓடினாலும் கரண்ட் ஒன்றுதான். நிறம் என்பது ஒரு கை இன்னொரு கைக்கு எழுதிவைக்கும் சீட்டு. எழுதியவர் பத்து வருடத்துக்கு முன் ஷார்ஜாவுக்குப் போயிருக்கலாம். படிப்பவர் அவர் முகத்தையே பார்த்திராதவர். இரண்டு பேருக்கும் ஒரே அகராதி இருந்தால்தான் சீட்டு செல்லும்.

அந்த அகராதி உலகம் முழுக்க ஒன்றாக இல்லை என்பதுதான் சிக்கல்.

நாம் பயன்படுத்தும் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்ற வரிசை பிரிட்டிஷாரிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் 1897இல் முதல் பதிப்பு கண்ட மின் நெறிமுறை இன்றும் திருத்தப்பட்டு நடப்பில் இருக்கிறது. அங்கே நியூட்ரலுக்கு வெள்ளை அல்லது சாம்பல் நிறம். வீடுகளில் கறுப்பு ஒயர் வந்தால் அது ஃபேஸ். நெய்யாற்றின்கரையில் நியூட்ரல் என்று நம்பித் தொடும் அதே கறுப்பு, நியூ ஜெர்ஸியில் ஆளைத் தூக்கியடிக்கும். ஜெர்மனியில் 1960கள் வரைக்கும் எர்த்துக்குச் சிவப்பு ஒயர் போட்டார்கள். பிரிட்டனில் அப்போது சிவப்பு என்றால் ஃபேஸ். ஐரோப்பா முழுக்க ஒரே நிறம் வேண்டும் என்று உட்கார்ந்து பேசியபோது, இந்தச் சண்டையில் சிக்காத நிறங்கள் தேவைப்பட்டன. ஃபேஸுக்குப் பிரவுன், நியூட்ரலுக்கு நீலம், எர்த்துக்குப் பச்சை-மஞ்சள் வரி என்று முடிவானது.

பிரிட்டன் முதலில் மிக்சி, இஸ்திரிப் பெட்டி போன்ற பொருள்களின் கார்டில் மட்டும் இதை ஏற்றது. சுவருக்குள் ஓடும் நிரந்தர ஒயரிங்குக்கு 2004இல்தான் மாற்றியது. பிரவுன், கறுப்பு, சாம்பல் மூன்று ஃபேஸ்கள், நீலம் நியூட்ரல். பழைய நிறங்களுக்கு 2006 மார்ச்சு வரை அவகாசம் தந்தார்கள். ஹாங்காங் 2007இலும் சிங்கப்பூர் 2009இலும் அந்த வழியில் போயின. இதில் இருக்கும் பொறியைக் கவனிக்க வேண்டும். பழைய முறையில் நியூட்ரலாக இருந்த கறுப்பு, புதிய முறையில் ஃபேஸ். பழைய முறையில் ஃபேஸாக இருந்த நீலம், புதிய முறையில் நியூட்ரல். வெறுமனே நிறம் மாறவில்லை. இரண்டு நிறங்கள் தங்கள் பொருளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டன. அதனால்தான் பழையதும் புதியதும் கலந்த கட்டடங்களில், மெயின் போர்டின் மேல் எச்சரிக்கைப் பலகை ஒட்டியே ஆக வேண்டும் என்று அங்கே விதி வைத்தார்கள்.

இந்தியா பழைய வரிசையிலேயே நிற்கிறது. ஆனால் புதிய வரிசை பெட்டிக்குள் மடிந்து வந்து சேர்கிறது. வீட்டில் இருக்கும் வாஷிங் மெஷினின் கார்டைத் திறந்தால் பிரவுனும் நீலமும் இருக்கலாம். ப்ளக் கருகிப்போய்ப் புதிது மாட்டும்போது, அந்த நீலத்தை ஃபேஸ் என்று படித்தால் தப்பு. அது நியூட்ரல். சுவருக்குள் நீலம் அடிக்கும், கார்டுக்குள் நீலம் அடிக்காது. ஒரே சாக்கெட்டின் பின்பக்கமும் முன்பக்கமும் இரண்டு அகராதி. சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வரும் எலெக்ட்ரீஷியனின் கை புதிய வரிசைக்குப் பழகியிருக்கும். சொந்த வீட்டு வேலையைத் தானே இழுத்துப்போட்டுச் செய்யும்போது அந்தக் கை எந்த அகராதியைப் புரட்டும் என்பது வீட்டில் உள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, வேண்டிய நிறம் கையில் இல்லை, வேலையும் நிற்கக் கூடாது என்றால் என்ன செய்வது? இங்கேதான் 'மறு அடையாளம்' என்ற ஏற்பாடு வருகிறது. ஒயரின் உறை என்ன நிறமாக இருந்தாலும், அதன் இரண்டு முனையிலும் சரியான நிறத்தில் டேப் சுற்றுவது, அல்லது சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் ஸ்லீவை மாட்டுவது.

மாடிப்படி விளக்கு இதற்கு நல்ல உதாரணம். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எங்கிருந்து தட்டினாலும் விளக்கு எரிய வேண்டும், அணைய வேண்டும். அதற்காக இரண்டு சுவிட்சுகளுக்கும் நடுவில் இரண்டு ஒயர் ஓடும். எந்த நேரமும் அவற்றில் ஒன்றில் கரண்ட் நிற்கும். எதில் என்பது ஃபேஸ் வந்து சேரும் சுவிட்ச் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே இரண்டும் ஃபேஸ் நிறத்தில் இருக்க வேண்டியவை. நடைமுறையில், பையில் மிச்சம் கிடந்த கறுப்புத் துண்டை இழுத்து விடுவார்கள். நாளைக்கு ஸ்டேர்கேஸ் போர்டைத் திறப்பவர், அந்தக் கறுப்பைப் பார்த்து நியூட்ரல் என்று நம்பி, அங்கிருந்து ஒரு பிளக் பாயிண்ட் எடுப்பார். அந்தப் பிளக் பாயிண்ட் சரியாக வேலை செய்யாது; மாடிப்படி சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் அதன் போக்கும் மாறும். மாந்திரீகம் போல இருக்கும். ஒரு விரல் நீளச் சிவப்பு டேப் அந்தக் கறுப்பின் இரு முனையிலும் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

அமெரிக்க நெறிமுறை இந்த இடத்தில் ரொம்பக் கறார். அங்கே வீடுகளில் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த ஒரே உறைக் கேபிளைத்தான் பெரும்பாலும் இழுக்கிறார்கள். சுவிட்சுக்குக் கரண்டைக் கொண்டுபோக அதிலுள்ள வெள்ளையையும் பயன்படுத்த வேண்டிவரும். அனுமதி உண்டு, ஆனால் வெள்ளை வெளியே தெரியும் ஒவ்வோர் இடத்திலும் அது நியூட்ரல் இல்லை என்று காட்ட டேப்போ பெயிண்டோ வேண்டும். நியூட்ரலுக்காகத் தனியாக இழுக்கும் சிறிய ஒயர் முழு நீளமும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டும். முனையில் மட்டும் டேப் சுற்றித் தப்பிக்க முடியாது. சுமார் 21 சதுர மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமான ஒயர்களுக்குத்தான் முனை அடையாளம் போதும். அந்தக் கனத்தில் எல்லா நிறமும் கடையில் கிடைக்காது என்பதே காரணம்.

எந்த நாட்டு விதியை எடுத்தாலும் ஒன்று மட்டும் மாறாது. வீட்டு ஒயரிங்கில் எர்த்துக்கான நிறத்தை மறைத்து, அதன் மேல் சிவப்பு டேப் சுற்றி ஃபேஸ் ஆக்கக் கூடாது. டேப் ஒருநாள் கழன்றுவிடும் என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். இடவப்பாதி மழையும் துலாமழையும் நனைக்கும் இந்த ஊரில், காற்றின் ஈரத்தில் டேப்பின் பசை கசிந்து, சுற்று தளர்ந்து, ஒயரின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்போது கறுப்பு வெளிப்பட்டால் குழப்பம். பச்சை வெளிப்பட்டால் உயிர் போகும்.

எர்த்துக்கு ஒற்றைப் பச்சையை விடப் பச்சை-மஞ்சள் வரி நல்லது என்பதற்கும் காரணம் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வைக் குறை ஆண்களிடம்தான் அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு ஏதோவொரு வகை நிறக்குறை இருக்கிறது. மற்ற இனங்களில் குறைவு என்றாலும், இல்லாமல் இல்லை. பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. சிவப்பு அடிக்கும், பச்சை அடிக்காது என்று பிரித்துவைத்த முறையில், அந்த இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரியும் கண்ணுக்கு என்ன வழி? வரியைப் பார்க்கலாம். அதனால் சர்வதேச விதி வரியின் அளவையும் விட்டுவைக்கவில்லை. பச்சை, மஞ்சள் இரண்டில் எதுவும் ஒயரின் மேற்பரப்பில் 30 சதவீதத்துக்குக் குறையவோ 70 சதவீதத்தைத் தாண்டவோ கூடாது.

நிறமே பயன்படாத இடம் ஒன்று தெருவில் தொங்குகிறது. தென்னையும் பலாவும் ரப்பரும் நெருங்கிய இந்த ஊர்களில், கிளை விழுந்து கம்பி அறுவதைக் குறைக்க, மின்வாரியம் பல இடங்களில் வெற்றுக் கம்பிக்குப் பதிலாக முறுக்கிக் கட்டிய கேபிளை இழுத்திருக்கிறது. எல்லாம் கறுப்பு. வெயிலில் உறை வெடித்துப் போகாமலிருக்கக் கரித்தூள் கலந்த பிளாஸ்டிக் வேண்டும், அது கறுப்பாகத்தான் இருக்கும். எது எந்த ஃபேஸ் என்று அறிய, உறையின் மேல் நீளவாக்கில் வரம்பு போல மேடு வைத்திருக்கிறார்கள். ஒரு மேடு, இரண்டு மேடு, மூன்று மேடு. கம்பத்தில் ஏறிய லைன்மேன், மங்கிய வெளிச்சத்தில் விரலால் தடவியே எண்ணிவிடலாம்.

வீட்டுக்குள் திரும்பினால், இன்றைக்கு நிறத்தை அதிகம் சோதிப்பவை இன்வெர்ட்டரும் சோலாரும்தான். இன்வெர்ட்டர் லைன் என்பது மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் உயிரோடு இருக்கும் ஃபேஸ். ஒரே சுவிட்ச் போர்டில் வாரியத்தின் ஃபேஸும் பேட்டரியின் ஃபேஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் சிவப்பாக இருந்தால், மெயினை இறக்கிவிட்டுக் கைவைப்பவருக்கு எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று தெரியாது. விவரமான ஒயர்மேன்கள் வாரியத்து ஃபேஸுக்குச் சிவப்பு, இன்வெர்ட்டருக்கு மஞ்சள் அல்லது நீலம் என்று தொடக்கத்திலேயே பிரித்து, வீடு முழுக்க அதைப் பிசகாமல் ஓட்டிவிடுவார்கள்.

சோலாரில் இன்னொரு திருப்பம். கூரைத் தகட்டிலிருந்து இறங்குவது டிசி. சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். தகடுகளை வரிசையாகக் கோத்த வீட்டில் அந்த இரண்டுக்கும் நடுவில் பல நூறு வோல்ட் நிற்கும். அந்தக் கறுப்பு நியூட்ரல் அல்ல. வெயில் அடித்துக்கொண்டிருக்கும் வரை அதை அணைக்க மெயின் சுவிட்சாலும் முடியாது. 2024இல் மத்திய அரசின் கூரைச் சூரியத் திட்டம் வந்த பிறகு, இரண்டு மாநிலத்திலும் மாடிக்கு மாடி தகடு ஏறுகிறது. ஒரே வீட்டுச் சுவரில் இரண்டு கறுப்பு, இரண்டு பொருளில் ஓடுவது இனி வழக்கமான காட்சி.

இவ்வளவையும் தெரிந்த ஒயர்மேன் நிறத்தை நம்புவாரா என்றால், நம்புவார், ஆனால் சோதித்துவிட்டுத்தான் தொடுவார். டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது உறுதியான இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு சந்தேக ஒயரில் வைப்பார். பழைய ஓட்டு வீடுகளில், மரச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய ரப்பர் ஒயர்கள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. அவற்றில் சிவப்பும் கறுப்பும் அரை நூற்றாண்டுப் புகையில் ஒரே பழுப்பாகிவிட்டன. அங்கே நிறத்தைத் தேடுவதே வீண். மீட்டர் வைத்து ஒவ்வொரு முனையாகப் பார்த்து, புதிய டேப்பால் புதிதாக எழுத வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. வேலையைப் பெர்மிட் உள்ள ஒயர்மேனிடம் கொடுப்பது சட்டமே கேட்பது. அதோடு, எந்த நிறம் எதற்கு என்று வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். சுவரைப் பூசுவதற்கு முன் பைப் ஓடும் தடத்தை மொபைலில் படமெடுத்து வைக்கலாம். வேலை முடிந்ததும் ஒரு சுவிட்ச் போர்டைத் திறக்கச் சொல்லி, நியூட்ரல் எங்கே, எர்த் எங்கே, இன்வெர்ட்டர் லைன் எங்கே என்று கேட்டுப் பார்க்கலாம். 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டித்துவிடும் ஆர்சிசிபி போர்டில் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. எர்த்தையும் நியூட்ரலையும் குழப்பி மாட்டிய வீடுகளில் அந்தக் கருவி அடிக்கடி விழும். 'தொல்லை' என்று அதை எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அது சொல்ல வந்த புகாரை யாரும் கேட்பதில்லை.

களியக்காவிளைக் கடையில் அந்த ஒயர்மேன் ஒரு சிவப்புக் காயில், ஒரு மஞ்சள் காயில், கறுப்பு இரண்டு, பச்சை ஒன்று வாங்கிக்கொண்டு, நாலு நிறத்தில் டேப்பும் எடுத்துக்கொள்கிறார். எல்லை தாண்டி வேலை நடக்கும் வீட்டுக்கு வந்ததும் கீழ்த்தளத்துக்குச் சிவப்பு, மாடிக்கு மஞ்சள் என்று பிரித்து இழுக்கிறார். மாலையில் போர்டை மூடும் முன், கதவின் உள்பக்கம் ஒட்டிய வெள்ளைத் தாளில் மார்க்கரால் மலையாள எழுத்தில் எழுதுகிறார்: 'முகள் நில, லைட், மஞ்ஞ, ஃபேஸ்.' மாடிக்குப் பெயிண்ட் அடிக்க மார்த்தாண்டத்திலிருந்து வந்தவருக்கு அந்த எழுத்து தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார். ஒயர்மேன் வாசித்துக் காட்டுகிறார். "மஞ்ஞன்னா மஞ்சள்தானே" என்கிறார் அவர்.